ஏழாவது துடிப்பு

ஆவுடைநாயகம் குருவைத் தேடி மலையேறியபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. குரு பேராச்சி அம்மைக்கு முப்பத்தொன்பது.

அதற்கு முன் முப்பது வருடம் ஒரு சிறிய அரண்மனையில் அவர் நாழிகை வட்டில் பார்த்தவர். பெரிய அண்டா நிறையத் தண்ணீர் இருக்கும். அடியில் ஊசித்துளை போட்ட செம்புக் கிண்ணத்தை அதில் மிதக்க விடுவார். துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை. சேகண்டியை ஒரு தட்டுத் தட்டுவார். கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து மறுபடியும் மிதக்க விடுவார். முப்பது வருடத்தில் அவர் முறையில் ஒரு நாழிகை தப்பியதில்லை.

பிறகு அரண்மனைக்குக் கப்பலில் ஒரு கடிகாரம் வந்து இறங்கியது. அண்டாவைச் சமையற்கட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.

மனிதனுக்குள்ளும் ஒரு கிண்ணம் மிதந்துகொண்டிருக்கிறது, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தால் அது தெரியும், ஆளே தெரிந்துவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். ஆவுடைநாயகம் மேற்கே நடந்தார்.

பேராச்சி அம்மையின் வீடு மலைச்சரிவில் இருந்தது. முன்வாசல் வழியே மேகம் உள்ளே வரும். சற்று நேரம் இருந்துவிட்டுப் பின்வாசல் வழியே போகும். அம்மை அரிவாள்மணையில் ஏதோ வேரை நறுக்கிக்கொண்டிருந்தார். நாடி பார்க்கக் கற்க வேண்டும் என்றார் இவர். எதற்கு என்று கேட்டார் அம்மை.

“மனிதர்களை அறிய.”

“நோயை அறிய என்றால் இப்போதே உட்காரச் சொல்லியிருப்பேன்” என்றார் அம்மை. மூன்று நாள் விறகு பிளக்க வைத்தார். நான்காம் நாள் உட்காரச் சொன்னார்.

ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. ஆள்காட்டி விரலின் கீழே வாதம், அது மயில் போல நடக்கும். நடுவிரலின் கீழே பித்தம், அது ஆமை போல. மோதிரவிரலின் கீழே ஐயம் என்கிற கபம், அது பாம்பு போல. இவ்வளவையும் ஆவுடைநாயகம் ஒரு காலைப்பொழுதில் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் விரலடியில் அந்த மயில் வந்து நிற்க எட்டு மாதம் ஆயிற்று. ஒரு சாரல் நாளில், கண்ணை மூடியிருந்தபோது, வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து அது ஒரு காலை எடுத்து வைத்தது. தோகை ஈரமாக இருந்தது. அவர் அன்று சாப்பிடவில்லை.

கணக்கு வைக்காமல் அவரால் இருக்க முடியாது. யாருடைய கையைப் பிடித்தாலும் நூறு துடிப்பு எண்ணுவார். நூற்றில் எத்தனை தப்புகிறது, எத்தனையாவது துடிப்புக்குப் பிறகு தப்புகிறது என்று ஓலையில் கீறி வைப்பார். பக்கத்தில் ஆளின் குணத்தையும் எழுதுவார். கோபக்காரன். சந்தேகப்படுகிறவள். வாயில் ஒன்று, மனதில் ஒன்று. இப்படி இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று கை சேர்ந்தது. தாளம் தப்பும் நெஞ்சுக்கும் தடம் தப்பும் குணத்துக்கும் ஒரு நூல் ஓடுவதாக அவருக்குத் தோன்றியது.

ஒரு நாள் அம்மையிடமே கேட்டார், குணம் நாடியில் தெரியுமா என்று.

“தெரியும்” என்றார் அம்மை. “பசியும் தெரியும். நேற்றுப் பெண்டாட்டியோடு சண்டை போட்டதும் தெரியும். வெயிலில் நடந்து வந்ததும் தெரியும். எது எது என்றுதான் தெரியாது.”

அவர் அதை ஓலையில் எழுதவில்லை.

மூன்றாம் வருடம் பங்குனியில் மலைக்கு அந்தப் பக்கத்துக் குடிகளில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. அம்மை மருந்துப் பையோடு புறப்பட்டார். வருகிறவர்களுக்குக் கஷாயம் கொடும், கை பாரும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் என்று ஆவுடைநாயகத்திடம் சொல்லிவிட்டுப் போனார். பதினாறு நாள் வரவில்லை.

அந்தப் பதினாறு நாளில் ஐந்தாம் நாள் தேன் எடுக்கிறவர்கள் வந்தார்கள்.

வீட்டுக்கு மேலே, இரண்டு நாழிகை நடையில், செங்குத்தான பாறை ஒன்று உண்டு. அதன் வயிற்றில் மலைத்தேனீ அடை கட்டும். மேலிருந்து கயிற்றில் இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க எவனும் வந்துவிட முடியாது. மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். தன் உடன்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கையை விடமாட்டான் என்பது அந்தக் குடியின் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை, இறங்குமுன், இரண்டு பேரும் வந்து அம்மையிடம் கை காட்டுவார்கள்.

இறங்குகிறவன் மல்லன். பிடிக்கிறவன் அவன் மனைவி மாதியின் அண்ணன் ஈச்சன். பதினொரு வருடமாக இவன் இறங்க அவன் பிடிக்கிறான். மாதியும் கூட வந்திருந்தாள்.

மல்லனின் மணிக்கட்டு குருவிக்கால் போல ஒல்லி. தொட்டதும் நாடி பேசியது. நூற்றில் ஒன்றும் தப்பவில்லை.

ஈச்சனின் மணிக்கட்டில் வருடக்கணக்காகக் கயிறு சுற்றிச் சுற்றித் தோல் மாட்டுத்தோலாகியிருந்தது. ஆவுடைநாயகம் விரல் வைத்தார். மயிலைக் காணோம். அழுத்தினார். ஆமையும் இல்லை. பல்லைக் கடித்து இன்னும் அழுத்தினார். அப்போது கேட்டது. தெளிவாக, பக்கத்தில் நின்று சொல்வது போலக் கேட்டது. ஆறு துடிப்பு. ஏழாவது இல்லை. மறுபடி ஆறு. ஏழாவது இல்லை. நூற்றுக்குப் பதினான்கு தப்பியது.

அத்தனை தப்பு எந்தக் கையிலும் அவர் கண்டதில்லை. உறக்கம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றான் ஈச்சன். யார் மேலாவது வருத்தம் உண்டா என்று கேட்டார். ஈச்சன் சிரித்துவிட்டு, ஊரில் பாதிப் பேர் மேல் உண்டு என்றான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆவுடைநாயகத்துக்குத் தெரிந்தது போல இருந்தது.

“நாடி தவறுகிறவனுக்குப் பிடியும் தவறும்” என்றார். “இந்த ஆள் உள்ளே ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறார். கயிற்றை இவர் கையில் கொடுக்காதீர்கள்.”

மல்லன் மைத்துனனைப் பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன், கள் வெறியில், மல்லன் மாதியை ஒருமுறை அடித்திருந்தான். ஈச்சன் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது இப்போது மல்லனுக்கு நினைவு வந்தது.

மூவரும் எழுந்து போனார்கள். வந்தபோது சேர்ந்து வந்தவர்கள். போகும்போது மல்லன் முன்னால் போனான்.

*

அம்மை திரும்பி வந்தபோது வழியிலேயே செய்தி கிடைத்துவிட்டது. மல்லன் பாறைக்கு இறங்கவில்லை. மாதி கணவனை விட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஈச்சன் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தபடி இருக்கிறான். கோடை மழை ஒன்று விழுந்தால் தேனீ கலைந்துவிடும். அப்புறம் அடுத்த வருடம்தான்.

அம்மை கால் கழுவிவிட்டு ஓலைகளைக் கேட்டார். அறுபத்தைந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தப்பில்லாத நாடி ஒரு பக்கம், தப்பிய நாடி ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கினார்.

“இந்தப் பக்கம் பூசாரி, கணக்கப்பிள்ளை மகள், மூன்று குழந்தைகள், மல்லன். எல்லாம் நல்ல குணம்” என்றார். “இந்தப் பக்கம் மரம் வெட்டுகிறவன், குயவன், கல் உடைக்கிற இரண்டு பேர், நெல் குத்துகிறவள், ஈச்சன். கை காய்த்தவர்கள் எல்லாரும் குணம் கெட்டவர்களா, நாழிகையாரே?”

ஆவுடைநாயகம் ஓலைகளைப் பார்த்தார். அந்த அடுக்கு அவருக்குப் புதிதாக இருந்தது. நாடி சொன்னதைத்தான் எழுதினேன் என்றார்.

மறுநாள் காலை ஒரு நோயாளி வந்திருப்பதாக அம்மை கூப்பிட்டார். உள்ளறையில் திரை கட்டியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கை மட்டும் நீட்டியிருந்தது. உடம்பெல்லாம் கொப்புளம், அதனால் மெல்லிய துணி சுற்றி மருந்தெண்ணெய் விட்டிருக்கிறேன், துணியின் மேலேயே பாரும் என்றார் அம்மை. பேச்சுக் கொடுக்க வேண்டாம், தொண்டையிலும் கொப்புளம்.

ஆவுடைநாயகம் தரையில் அமர்ந்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது. துணியால் நாடி பிடிபடவில்லை. கண்ணை மூடி அழுத்தினார்.

நெடுநேரம் கழித்து அது வந்தது. மேகத்தில் யாரோ நடக்கும் சத்தம். ஆறு அடி வைத்தார்கள். ஏழாவது அடிக்குக் காலைத் தூக்கி, வைக்காமல் நின்றார்கள். பிறகு நடந்தார்கள்.

“சொல்லும்” என்றார் அம்மை.

“ஏழில் ஒன்று தப்புகிறது. நூற்றுக்குப் பதினான்கு.”

“ஆள் எப்படி?”

“பிறர் தப்பைப் பொறுக்காத ஆள். தன் தப்பு வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். விடியுமுன் விழித்துக்கொள்வார். யாரோடும் ஒட்டமாட்டார்.”

“ஆணா, பெண்ணா?”

“ஆண். ஐம்பது தாண்டியிருக்கும்.”

அம்மை திரையை விலக்கினார்.

அங்கே ஒருவரும் இல்லை. ஒரு முக்காலி இருந்தது. அதன் மேல் முழ நீளத்தில் ஒரு வாழைத்தண்டு, வெந்நீரில் போட்டெடுத்தது, துணி சுற்றிக் கிடந்தது.

“இந்த ஆளுக்கு மருந்து கொடுக்கலாமா, நறுக்கிக் கூட்டு வைக்கலாமா?” என்றார் அம்மை.

ஆவுடைநாயகம் தண்டைத் தொட்டார். விரலை எடுத்தார். மறுபடி வைத்து மெல்ல அழுத்தினார். ஒன்றும் இல்லை. பலமாக அழுத்தினார். ஆறு. ஏழாவது இல்லை. தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார். அது அழுத்தத்தில் சிவந்து, தனக்குள்ளே துடித்துக்கொண்டிருந்தது.

மெல்லிய கைகளில் அவர் அழுத்தவேயில்லை. காய்த்த கைகளில் எல்லாம் அழுத்தினார். அழுத்திய இடத்தில் எல்லாம் தன்னையே கேட்டார்.

வெளியே மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மை அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல் வைத்தார். அவர் பார்த்ததைவிட நான்கு மடங்கு நேரம் பார்த்தார்.

“இருக்கிறது” என்றார். “எத்தனை நாளாக இருக்கிறதோ. இன்றைக்கு உயிரை எடுக்கிற தப்பு இல்லை. மருதம்பட்டைக் கஷாயம் குடியும். ஓடாதீர். ராத்திரியில் எண்ணிக்கொண்டு படுக்காதீர்.”

அவருக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. முப்பது வருடம் ஒரு நாழிகை தப்பிவிடுமோ என்று பயந்து பயந்து நெஞ்சு இப்படி ஆயிற்றா? அல்லது பிறக்கும்போதே நெஞ்சில் ஒரு தப்பு இருந்து, அது கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் இப்படிக் கணக்குப் பார்க்கிற ஆளாக ஆனாரா? குணத்தால் நெஞ்சா, நெஞ்சால் குணமா? அதைக் கேட்டார்.

“நல்ல கேள்வி” என்றார் அம்மை. “வடையைத் துளைக்காகச் சுட்டார்களா என்று யோசிக்கிற கேள்வி. செருப்பைப் போடும். ஈச்சனைப் பார்க்கப் போகலாம்.”

*

ஈச்சனின் குடிசைக்கு முன்னால் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். மல்லனையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார் அம்மை. அவன் வந்து ஒரு மரத்தில் சாய்ந்து நின்றான். மாதி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை.

ஆவுடைநாயகம் நின்றபடியே சொன்னார். வாழைத்தண்டு உட்பட ஒன்றையும் மறைக்கவில்லை. ஈச்சன் கையில் கண்டது ஈச்சனுடையது அல்ல, தன்னுடையது என்றார். பதினான்கு தப்பும் தன்னுடையது என்றார்.

வாழைத்தண்டைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். மல்லன் சிரிக்கவில்லை.

“பெரியவரே, அன்றைக்கு நாடி தப்புகிறது என்றீர்கள். இன்றைக்கு இல்லை என்கிறீர்கள். நாளைக்கு என்ன சொல்வீர்கள்? நான் தொங்கப் போவது உங்கள் சொல்லிலா, கயிற்றிலா?”

ஆவுடைநாயகம் அம்மையைப் பார்த்தார். நீங்களே ஈச்சன் கையைப் பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் சொல்லை நம்புவார்கள் என்றார். அம்மை ஈச்சனின் அருகில் போய்க் கயிற்றுச் சுருளின் மேலேயே அமர்ந்தார். காய்த்த தோலைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்து இளக்கி, விரலைப் பூப்போல வைத்தார். காற்றில் மேகம் வந்து எல்லாரையும் ஒருமுறை மறைத்துவிட்டுப் போனது.

“தப்புகிறது” என்றார் அம்மை.

மல்லன் மரத்தை விட்டு நிமிர்ந்தான்.

“போன வருடம் பார்த்தேன். அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. ஒழுங்கில்லாமல்.”

“எனக்குத் தெரியும்” என்றான் ஈச்சன். பன்னிரண்டு நாளில் அவன் முகம் ஒடுங்கியிருந்தது. “இவர் சொன்ன அன்றைக்குப் படுத்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அதற்கு முன் என் நெஞ்சை நான் கேட்டதே இல்லை. கேட்டால் நின்று நின்று போகிறது. பதினொரு வருடம் மாப்பிள்ளையைப் பிடித்தேனே, எந்தத் தைரியத்தில் பிடித்தேன் என்று நினைத்தால் இன்னும் நிற்கிறது.”

ஆவுடைநாயகம் தன் விரல்களைப் பார்த்தார். இல்லாத ஒன்றை அவர் சொன்னார். அது போய் அந்த நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இப்போது அது இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

“நான் இறங்குகிறேன்” என்றார்.

மல்லன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “தேன் எடுக்கத் தெரியுமா?”

“தெரியாது. தொங்கத் தெரியும். இவர் பிடிக்கட்டும். நழுவினால் நான் விழுவேன். நீர் விழமாட்டீர்.”

அந்தக் குடியின் பெரியவர் ஒருவர், அது முறையில்லை என்றார். மைத்துனன்தான் மைத்துனனைப் பிடிக்க வேண்டும். இவருக்கு நம் குடியில் யாரும் பெண் கொடுக்கவில்லையே, இந்த வயதில் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை என்றார்.

மாதி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“என் புருஷனை அண்ணன் பிடித்தால் என்னை நினைத்துப் பிடிக்கும். அது பாசம். இந்த ஆளைப் பிடிக்க அண்ணனுக்கு என்ன இருக்கிறது? விட்டுவிடத்தான் ஆயிரம் காரணம் இருக்கிறது. விடாமல் பிடித்தால் அது கை.” கணவனை நேராகப் பார்த்தாள். “பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.”

கயிற்றை எடுங்கள் என்றார் பெரியவர்.

பாறைக்குப் போகும் வழியில் அம்மை ஆவுடைநாயகத்தின் பக்கத்தில் நடந்தார். “இதைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை.”

“இல்லை.”

“நெஞ்சு தப்புகிற ஆள் நீர்.”

“கணக்குத் தெரியும், அம்மா.”

*

பாறையின் உச்சியில் ஒரு வேங்கை மரம் நின்றது. கயிற்றை அதன் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஈச்சன் இரண்டு மணிக்கட்டிலும் வளைத்துப் பிடித்தான். கயிற்றில் இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, அதாவது ஒரு பாகத்துக்கு, ஒரு முடிச்சு. மல்லன்தான் ஆவுடைநாயகத்தின் இடுப்பில் கட்டினான். கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சை மட்டும் மூன்று முறை இழுத்துப் பார்த்தான்.

மேகம் பாறையின் இடுப்பு வரை ஏறியிருந்தது. அதற்குக் கீழே உலகம் இல்லை.

முதல் முடிச்சு. இரண்டாவது. பாறையின் ஈரம் அவர் உள்ளங்காலில் ஏறியது. ஐந்தாவது முடிச்சில் மேலே பேசியவர்களின் குரல் நின்றது. ஏழாவதில் தன் கால் தனக்குத் தெரியவில்லை. எட்டாவதில் தேன் வாசனை வந்தது, யாரோ தூரத்தில் அடுப்பில் வெல்லம் காய்ச்சுவது போல. அப்புறம் அந்த இரைச்சல். தேனீக்களிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. பாறையே உறக்கத்தில் முனகுவது போல இருந்தது.

அந்த வெள்ளையில் மயில் நடந்தது. பக்கத்தில் ஆமை. அவற்றின் நடுவே ஈரத்தில் பாம்பு வழுக்கிக்கொண்டு போனது. எல்லாம் அவருடையவை. ஆறு அடிக்கு ஒருமுறை மூன்றும் நின்று, எதையோ யோசித்து, மறுபடி நடந்தன. இரண்டு வருடம் ஊரார் கைகளில் தேடியவற்றை அவர் இப்போது பார்த்துக்கொண்டே இறங்கினார். அவை அழகாகத்தான் இருந்தன.

பன்னிரண்டாவது முடிச்சில் கயிறு நழுவியது.

செம்புக் கிண்ணம் மூழ்குமுன் ஒரு கணம் உண்டு. விளிம்பு வரை நீர் வந்திருக்கும். மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை. அவர் அந்தக் கணத்தை முப்பது வருடம் வெளியிலிருந்து பார்த்தவர். இப்போது அதற்குள் இருந்தார். இரைச்சல் நின்றது. மயில் நின்றது. இடுப்பில் கயிறு இல்லை. அவர் எங்கும் இல்லை.

பிறகு இடுப்பு எலும்பு நொறுங்குவது போல ஒரு பிடி விழுந்தது. கயிறு விறைத்தது. அவர் சுழன்று பாறையில் தோளை இடித்துக்கொண்டு தொங்கினார். கயிறு வழியே ஒரு நடுக்கம் இறங்கி வந்தது. முழு உடம்பையும் கொடுத்து ஒருவன் பிடித்திருக்கும் நடுக்கம். அது குறையவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். எட்டும் தூரத்தில் அடைகள் தொங்கின. பதினேழு நிறைந்தவை, இரண்டு காய்ந்தவை. மூன்று தேனீ அவரைக் கொட்டின. கயிற்றை இரண்டு முறை இழுத்துச் சைகை காட்டினார். மேலே இழுத்தார்கள்.

விளிம்பில் மல்லன் கை கொடுத்துத் தூக்கினான். ஈச்சன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டு இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் தலை நிமிரவில்லை. மரத்தின் சுற்று மறைத்துக்கொண்டதால் கயிறு நழுவியது மேலே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. கயிறு பிடித்தவனுக்கும் தொங்கியவருக்கும் மட்டும் தெரியும்.

மல்லன் ஆவுடைநாயகத்தின் முன்னால் வந்து நின்றான்.

“கயிறு நழுவியதா?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாதி இன்றே வீட்டுக்குப் போய்விடுவாள். ஈச்சன் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடப்பான். இவர் செய்ததும் அழிந்துவிடும். அந்தச் சொல் ஆவுடைநாயகத்தின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மாதி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நழுவியது” என்றார். “பன்னிரண்டாவது முடிச்சில். இரண்டு முழம்.”

மாதி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிறகு?” என்றான் மல்லன்.

“பிறகு பிடித்தார்.”

“அதற்கப்புறம்?”

“ஏறி முடிக்கும்வரை ஒரு விரற்கடைகூட நழுவவில்லை.”

மல்லன் குனிந்து ஆவுடைநாயகத்தின் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். முடிச்சை இழுத்துப் பார்க்கவில்லை. புகைப்பந்தத்தையும் கூடையையும் எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போனான்.

“மச்சான், கையில் துணி சுற்றிக்கொள். மழை வருமுன் முடிக்க வேண்டும். பெரியவரே, எத்தனை அடை?”

“நிறைந்தது பதினேழு. காய்ந்தது இரண்டு.”

ஈச்சன் எழுந்தான். மாதி தன் முந்தானையைக் கிழித்து அவன் மணிக்கட்டில் சுற்றினாள். சுற்றும்போது அவள் எதற்கோ திட்டினாள். கணவனையா அண்ணனையா என்று தெரியவில்லை. கயிறு இறுகியது. மல்லன் மேகத்துக்குள் இறங்கினான்.

*

ஆவுடைநாயகமும் அம்மையும் மலையிறங்கினார்கள். அவர் தோள் வீங்கியிருந்தது. மெல்ல நடந்தார்கள். மேகமும் கூடவே இறங்கியது, அவர்களைப் போலவே எங்கும் அவசரமில்லாமல்.

பாதி வழியில் அவர் நின்றார்.

“அம்மா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். நெஞ்சு தப்பியதால் ஈச்சனின் கை நழுவியதா? கை நழுவிவிடும் என்று பயந்ததால் நெஞ்சு தப்பியதா?”

அம்மையும் நின்றார்.

“அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியவன் மல்லன்” என்றார். “அவன் உம்மிடம் அதையா கேட்டான்?”